ஜிலேபிக்கு ஒரு நல்ல படம்

ஜூன் 3, செவ்வாய்

ஹன்சிதாவுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. இன்னும் நான்கு. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். இரண்டே கால் வயதில் என் மகளுக்குக் கிடைத்த முதல் கால அட்டவணை.

நடந்தது இதுதான். காலை ஏழரைக்கு அபார்ட்மென்ட் வாசல் சரிவில் அவளுக்குப் பிஸ்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் திரியும் பழுப்பு நாய் பக்கத்தில் வந்தது. வால் சுருண்டிருப்பதால் வாட்ச்மேன் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்திருக்கிறார். பாப்பா அழுதாள். இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கீறல். தூக்கிக்கொண்டு மேலே ஓடிப்போய், "நாய் வந்துச்சுங்க அத்தை" என்றேன். மீதியை அத்தையே சொல்லிவிட்டார், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி.

பதினோரு மணிக்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் திருமூர்த்தி சார் புகார்க் கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்துவிட்டார். லிஃப்ட் பழுது என்று நான் கொடுத்த கடிதத்துக்கு இதே மனிதர் எட்டு மாதமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார். "நீங்க பெத்தவங்க. மொதல் கையெழுத்து நீங்கதான் போடோணும்" என்றார். போட்டேன். மதியம் வண்டி வந்து ஜிலேபியை வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போனது. சங்க வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

ஜூன் 4, புதன்

நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டுமாம். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் வெறிநோய் இல்லை என்று அர்த்தமாம். கவனிக்கும் பொறுப்பு எனக்கு. "நீ வீட்டுல சும்மாதானே இருக்கே" என்றார் கிருபா. என் கணவர் பம்பு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் பழுது எங்கே என்று தேடுவது அவருக்குத் தொழில். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே பொழுதுபோக்கு. "தெனமும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. தேதி தெரியோணும்."

சும்மா இருக்கிற நான் திராட்சையை நான்காக வெட்டிக் கொடுத்து, சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்த்து, பாப்பா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, இவ்வளவும் முடிந்த பிறகு வடவள்ளி தாண்டி இருக்கும் அந்த நாய்க் காப்பகத்துக்கு ஸ்கூட்டரில் போனேன்.

பதினான்காம் எண் கூண்டு. மற்ற நாய்களெல்லாம் கூட்டமாக இருக்க, இது மட்டும் தனியாக. கதவில் சிவப்புப் பலகை: "கடித்த நாய். அருகே செல்லாதீர்." கம்பி வழியாக ஒரு படம் எடுத்தேன். ஃபிளாஷ் பட்டுக் கண் இரண்டும் பச்சையாக எரிந்தன.

கிருபாவின் பதில் உடனே வந்தது. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

ஜூன் 6, வெள்ளி

இரண்டாம் ஊசி. பாப்பா அழுததைவிட அத்தை அழுதது அதிகம். நான் அழவில்லை. அதையும் அத்தை கவனித்தார்.

ஜூன் 7, சனி

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் குழந்தைப் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள் நான். காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, பிறந்து பத்து நாளான சிசுக்களைக் கூடையில் வைத்துத் தலையில் முயல் காது மாட்டிவிட்டு, அவர்கள் மூத்திரம் போவதற்குள் படம் எடுப்பது என் கலைச்சேவை. அதனால் பச்சைக் கண் படத்தை நாலாவது நாளும் அனுப்பக் கை வரவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

நாய்களுக்குச் சோறு வைக்கும் மாரப்பன் அண்ணனிடம், கூண்டைத் திறந்து அதைக் கொஞ்ச நேரம் வேப்பமர நிழலுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். கொண்டுவந்தார். தரையில் குப்புறப் படுத்தேன். குழந்தையானாலும் நாயானாலும் அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். மேலே நின்று எடுத்தால் எல்லாரும் குற்றவாளிகள்தான். வாயால் மெல்லச் சத்தம் கொடுத்தேன். ஜிலேபி தலையை ஒருபக்கம் சாய்த்துக் காதை விறைத்தது. கிளிக்.

மாரப்பன் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, இது உங்க கொழந்தையக் கடிச்ச நாய்தானுங்களே?"

"ஆமாங்ண்ணா."

"மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண் இல்லீங்க. பயமா இல்லீங்களா?"

எழுந்து சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். தட்டுவதற்கு நிறைய மண் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 9, திங்கள்

காப்பகத்தை நடத்தும் ஜெசிந்தா அக்கா என் படத்தைப் பார்த்துவிட்டார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு இன்னும் வார்டில் பேசுகிற மாதிரிதான்.

"எங்க பேஜ்ல இருக்கற ஃபோட்டோவப் பாத்தியா? நாய தத்துக் குடுக்கறோமா, தேடப்படும் குற்றவாளின்னு அறிவிக்கறோமான்னே தெரியல. அறுபத்தேழு நாய் இருக்கு. மாசம் ஒண்ணு போனா அதிசயம். நீதான் தெனமும் வரியே, எல்லாத்தையும் இப்படி எடுத்துக் குடு."

சரி என்றேன். கிருபாவிடம், பத்து நாள் கவனிப்பில் இதுவும் சேர்த்தி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாம் ஊசி. நர்ஸைக் கண்டதும் பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நாய் இல்ல, பூ. பூ உவ்வா" என்று கத்தினாள். திரும்பி வந்ததும் வாசல் வேலியில் படர்ந்திருக்கும் காகிதப்பூச் செடியைக் காட்டி மறுபடியும் "பூ உவ்வா" என்றாள்.

"பயத்துல என்னென்னமோ பொலம்புது எஞ்சாமி" என்று அத்தை உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார்.

குழந்தைகள் எதையாவது சொல்லும்.

ஜூன் 13, வெள்ளி

பத்தாம் நாள். நாய் நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறது. டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். அப்படியானால் மீதி ஊசி கட்டாயமில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

கிருபா: "எழுத்துல உத்தரவாதம் தருவாரா?"

அத்தை: "வேண்டாஞ் சாமி. அஞ்சும் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெற்றவள் கருத்து தேவைப்படும் அபூர்வமான தருணம். "உங்க இஷ்டங்க" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

ஒரே வாரத்தில் ஒன்பது நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன. சுவரில் என் பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கட்டி, காலை வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து எடுக்கிறேன். கம்பி தெரியக் கூடாது. சங்கிலி தெரியக் கூடாது. கழுத்தில் பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு கட்டு. கீழே நான்கு வரி எழுதுவதும் என் வேலை. நம் ஊரில் ஒருவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்பி வைக்க ஏற்கெனவே ஒரு மொழிநடை இருக்கிறது. நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

"வயது இரண்டு. அடக்கமான குணம். தயிர்சாதமும் சாப்பிடுவாள். எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. நல்ல குடும்பமாக இருந்தால் போதும்."

எதிர்பார்ப்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான். வந்த ஃபோன்களில் சில:

"வெள்ளையா இருக்குங்களா?"

"பொட்டை வேண்டாங்க. ஆணா இருந்தா சொல்லுங்க."

"சாதி நாய் இல்லீங்களா? பாத்தா அப்படித் தெரிஞ்சுதே."

கடைசி ஆளுக்கு ஜெசிந்தா அக்கா பதில் சொன்னார். "இது எல்லாச் சாதியும் கலந்ததுங்க. நாய்னா அப்படித்தான் இருக்கும். உங்களுக்குச் சரிப்படாது, ஃபோன வச்சிருங்க."

ஜூன் 17, செவ்வாய்

நான்காம் ஊசி.

ஜூன் 20, வெள்ளி

இன்று சிரிப்பதா, வேறென்ன செய்வது என்று தெரியாத நாள்.

ஜிலேபியின் வேப்பமரத்துப் படத்தைப் பெயர் போடாமல் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் ஜெசிந்தா அக்கா போட்டிருந்தார். அது ஊரெல்லாம் சுற்றி எங்கள் சங்கக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் செயலாளர் திருமூர்த்தி சார். கூடவே ஒரு வாசகம்: "என்ன தெய்வீகமான பார்வை! வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்டுவோம்." முப்பத்தெட்டுப் பேரும் இதயம் விட்டார்கள். பதினேழு நாளுக்கு முன்னால் கைதட்டிய அதே முப்பத்தெட்டு.

அத்தை ஃபோனைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பாரேன், எவ்ளோ லட்சணமா இருக்குது. நாய்ன்னா இப்படி இருக்கோணும். நம்ம தெருவுல திரிஞ்சுதே ஒரு சனியன்!"

"ஆமாங்க அத்தை" என்றேன். அவர் ஃபோனில் சார்ஜ் குறைவாக இருந்தது. போட்டுவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். தென்னந்தோப்பு, பெரிய வாசல், பேரன் ஒருவன். ஜிலேபி அந்த அம்மாவின் மடியில் தாடையை வைத்துவிட்டது. அவர், "போலாமா கண்ணு நம்மூட்டுக்கு?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஜெசிந்தா அக்கா பதிவேட்டைத் திறந்தார். மறைக்கக் கூடாது, அது காப்பகத்தின் சட்டம்.

"முன்பு யாரையாவது கடித்ததா? ஆம். யாரை? இரண்டு வயதுப் பெண் குழந்தை."

அம்மா மடியை உதறிக்கொண்டு எழுந்தார். "பேரன் இருக்கானுங்களே..." பக்கத்துக் கூண்டிலிருந்த ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஜிலேபி கார் வரை பின்னாலேயே போனது. மாரப்பன் அண்ணன் கயிற்றை இழுத்துக் கொண்டுவந்து கூண்டில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார்.

"இனி இது என்ன ஆகுங்க்கா?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? இங்கயே கெடக்கும். கடிச்ச நாயக் கூட்டத்தோடயும் விட முடியாது, தெருவுலயும் விட முடியாது. பத்து வருஷமோ பன்னெண்டு வருஷமோ, இந்த ஆறடிதான். நீ எத்தன ஃபோட்டோ வேணா எடு. அந்தப் பலகை இருக்கற வரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான்."

"பலகைய எடுக்கவே முடியாதா?"

"புகார் குடுத்தவங்க எழுதிக் குடுத்தா எடுக்கலாம்."

இன்று அத்தைக்குக் கல்யாண வீடு இருந்ததால் பாப்பா என் இடுப்பில் இருந்தாள். ஜெசிந்தா அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பி, ஆறிப்போன தழும்பைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் ஊசி போட்டிருக்கேன் வினோதினி. நாய் நகம் பட்டா நாலு கோடு விழும். முள்ளு கிழிச்சா ஒரே கோடு."

கையை விட்டார். "பாப்பாவுக்குப் பால் குடிக்கத் தரட்டுமா?" என்று கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பாப்பா தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறது, பார்த்துவிட்டேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் மூன்று வாரமாக இதற்கும் சேர்த்துப் பொய் எழுதியிருக்கிறேன். திறமைதான்.

ஜூன் 3 அன்று காலை பழைய ஸ்டுடியோ முதலாளி செய்தி அனுப்பியிருந்தார். ஆள் தேவைப்படுகிறது, திரும்ப வருகிறாயா என்று. மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "வர்றேன் சார்" என்று அடித்தேன், அழித்தேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அடித்தேன், அழித்தேன். திராட்சையை நான்காக வெட்டுகிறவள் நான்கு நிமிடம் தலை நிமிரவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் பாப்பா வேலியோரம் நடந்துபோய்க் காகிதப்பூ முள்ளில் விழுந்திருக்கிறாள். அழுகை கேட்டு நிமிர்ந்தபோது ஜிலேபி அவள் பக்கத்தில் நின்று, கீழே விழுந்த பிஸ்கெட்டைத் தின்றுகொண்டிருந்தது. அது செய்த மொத்தக் குற்றம் ஒரு மாரி பிஸ்கெட்.

"நாய் வந்துச்சு" என்றேன். பொய் இல்லை. "கீறிடுச்சா?" என்று அத்தை கேட்டார். தலையாட்டினேன். டாக்டர் கேட்டார். தலையாட்டினேன். திருமூர்த்தி சார் பேனாவை நீட்டினார். ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவளுக்கு வேலை வேறு கேட்கிறதா என்பார்கள். அதை யார் முதலில் சொல்வார்கள், எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக என் மகள் நான்கு முறை ஊசி குத்திக்கொண்டாள். வெறிநாய்க்கடியிலிருந்து அவளை முழுமையாகக் காப்பாற்றிவிட்டேன். நல்ல தாய்.

ஜூன் 26, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. காப்பகத்துக்குப் போகவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து, பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடப் போன பிறகு. "அந்த நாய் பாப்பாவைத் தொடவே இல்லை. செடி முள்ளு கிழிச்சுது. ஸ்டுடியோவுல வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க, நான் ஃபோன் பாத்துட்டு இருந்தேன்." ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீளமான விளக்கமெல்லாம் கடைசியில் மூன்று வாக்கியமாக வந்தது.

கிருபா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாலு ஊசி" என்றார். மறுபடியும், "நாலு ஊசி வினோ."

"தெரியுங்க."

"அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நாங்க என்ன பேய் பிசாசா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார். "ஃபோனு! பெத்த புள்ளையக் காட்டியும் ஃபோனு பெருசாப் போச்சா? வேலைக்குப் போறாளாம், வேலைக்கு! பக்கத்துல கெடக்கற புள்ளையப் பாக்கத் துப்பில்ல..."

நான் எதிர்பார்த்த அதே சொற்கள், அதே வரிசையில். கிருபா அத்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

"அஞ்சாவது ஊசி?" என்றார்.

"வேண்டாம்."

"சரி. கடிதத்தை எழுது. தேதி போட்டு எழுது."

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஐந்தாம் ஊசி நாள். போகவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "போட்டது வீணாகாதும்மா, நாளைக்கு நெஜமாவே கடிச்சா உதவும்" என்றார். மருத்துவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

கடிதத்தைக் காப்பகத்தில் கொடுத்தேன். ஒரு நகலைச் சங்கக் குழுவிலும் போட்டேன். "ஜூன் 3 அன்று என் மகளுக்கு ஏற்பட்ட காயம் செடி முள்ளால் ஏற்பட்டது. நாய் கடிக்கவோ கீறவோ இல்லை. நான் கொடுத்த புகார் தவறானது. ஜூன் 20 அன்று நீங்கள் இதயம் அனுப்பிய படத்தில் இருப்பது அதே நாய்தான்."

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இரண்டாம் மாடியில் யாரோ ஒரு கட்டைவிரல் அனுப்பி உடனே நீக்கினார்கள். பத்து நிமிடத்தில், இந்தக் குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று அறிவிப்பு வந்தது.

ஜெசிந்தா அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பொள்ளாச்சிக்காரர்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "அவங்களுக்கு அந்தக் குட்டியே செருப்பத் தின்னு தீக்குதாம், இன்னொண்ணு தாங்காது" என்றார். "ஆனா இது வீட்டு நாய் இல்ல, தெரு நாய். கருத்தடை ஆயிடுச்சு, அதுக்கு அடையாளமா காதுலயும் வெட்டு இருக்கு. குத்தம் இல்லைன்னு ஆனா, எங்க புடிச்சமோ அங்கயேதான் கொண்டுவந்து விடோணும். அதான் சட்டம். உங்க வாசல்."

ஒரு மாதமாக நான் எடுத்த படங்கள் எதுவும் ஜிலேபிக்குத் தேவைப்படவில்லை. ஒரு பக்கக் கடிதம் போதுமாக இருந்திருக்கிறது. மற்ற இருபத்திரண்டு நாய்கள் என் குற்ற உணர்ச்சியின் தயவில் வீடு போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அத்தை இன்றும் பேசவில்லை. பேச வேண்டியதைப் பாப்பாவிடம் சொல்கிறார். "அம்மாகிட்ட சொல்லு, பருப்பு தீஞ்சு போச்சுன்னு."

ஜூலை 5, சனி

காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. மாரப்பன் அண்ணன் இறங்கியபோது வாசலில் பாதி அபார்ட்மென்ட் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வராத நாளில்கூட இவ்வளவு பேர் கூடியதில்லை.

திருமூர்த்தி சார் கேட்டின் நடுவில் நின்றார். "கொண்டாந்து விட்டுட்டு நீங்க போயிருவீங்க. மறுபடி கடிச்சா யாருங்க பொறுப்பு?"

"மொதல்ல ஒருக்கா கடிக்கட்டுங்க சார்" என்றார் மாரப்பன் அண்ணன். "மறுபடிங்கறதப் பொறகு பேசிக்கலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். மாரப்பன் அண்ணன், யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. நான் போய் வாங்கிக்கொண்டேன். பெயர், முகவரி, ஃபோன் எண். அதன் கீழே ஒரு கட்டம்: "நாய்க்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு."

"பொதுவா எல்லாரும் நலம் விரும்பின்னு எழுதுவாங்க அம்மிணி" என்றார்.

"புகார் கொடுத்தவள்" என்று எழுதினேன். கிருபா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, சாட்சி என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். தேதியோடு.

கதவு திறந்தது. ஜிலேபி குதித்து இறங்கி, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. கூட்டத்தைப் பார்த்தது. நான் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டிப் போய், மோப்பம் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, திருமூர்த்தி சாரின் காருக்கடியில் படுத்துக்கொண்டது. மன்னிப்பு மாதிரியெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. நிழல் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தது. அத்தை மட்டும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குனிந்து காருக்கடியில் எட்டிப் பார்த்தார். ஆறு நாளைக்குப் பிறகு, பாப்பாவின் தயவில்லாமல், என்னிடமே கேட்டார்.

"அந்த ஃபோட்டோவுல இருந்தது இதுதானா?"

"ஆமாங்க அத்தை."

இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "ஃபோட்டோவுல இன்னும் நல்லா இருந்துச்சு. நேர்ல கலர் கம்மிதான்."

என்னைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் இதையேதான் சொன்னாராம்; கிருபா ஒருமுறை உளறியிருக்கிறார். அதற்கு மூன்றாம் மாதம் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்.